தாலிக்கு முன்னே பந்தி

தாய்மாமன் சீரில் இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. கல்யாணப் படங்களையெல்லாம் திரட்டி, ஆல்பமாக்கி, சொந்தக்காரர்களுக்குப் பகிர்வது. தங்கை மகள் கல்யாணம் மதுரையில் முடிந்த மறுநாளே அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஒன்பது ஃபோன்கள், ஒரு கேமரா, மொத்தம் 1,140 படங்கள். இணையத்தில் பொது ஆல்பம் ஒன்றைத் தொடங்கி, அவரவர் எடுத்ததை அதில் ஏற்றச் சொல்லி, குடும்பக் குழுவில் லிங்கைப் போட்டேன். சாயங்காலத்துக்குள் புகார்கள் வரிசைகட்டி வந்தன.

“மாமா, பாதிப் படம் படுத்துக் கிடக்கு.” “எனக்குத் திறக்கவே மாட்டேங்குதுப்பா.” “மூஞ்சியெல்லாம் கட்டம் கட்டமா இருக்கு.” இவற்றுக்கு மேல், கல்யாணத்துக்கு வரமுடியாமல் போன சிங்கப்பூர் அத்தையின் குரல்பதிவு: “ஏண்டா, தாலி கட்டுறதுக்கு முன்னாடியே பந்தி போட்டுட்டீங்களா? ஆல்பத்துல அப்படித்தானே வருது!”

எல்லாவற்றையும் சரிசெய்ய எனக்கு நான்கு நாள் பிடித்தது. எரிச்சலோடுதான் உட்கார்ந்தேன். ஆனால் எந்தப் புகாரைத் தோண்டினாலும் அடியில் யாரோ ஒரு பொறியாளரின் கெட்டிக்காரத்தனம் தட்டுப்பட்டது. நாம் கோளாறு என்று சொல்வது, பல நேரம், ஒரு நல்ல குறுக்குவழி தெரியாத ஊரில் போய் நின்றுவிட்ட கதைதான்.

முதலில் அந்தக் கட்டங்கள். சாதாரண ஃபோன் படம் ஒன்றில் நெடுக 4,000, குறுக்கே 3,000 என 1.2 கோடிப் புள்ளிகள் இருக்கும். இந்தப் புள்ளியைத்தான் பிக்சல் என்கிறார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என மூன்று எண்கள். ஆக ஒரு படத்துக்கு 3.6 கோடி எண்கள். அப்படியே எழுதிவைத்தால் 36 மெகாபைட். ஆனால் ஃபோனில் அந்தக் கோப்பின் அளவைப் பாருங்கள், மூன்றரை மெகாபைட் இருந்தாலே அதிகம். பத்தில் ஒன்பது பங்கைக் காணோம், நம் கண்ணுக்கோ எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை. இந்தத் திருட்டைச் செய்வது ஜேபெக், 1992-இல் உலகம் முழுவதற்குமாகத் தரப்படுத்தப்பட்ட படச் சுருக்க முறை.

திருட்டின் முதல் பாதி நிறத்தில் நடக்கிறது. வெளிச்சம் எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்பதில் நம் கண் படு கறார். நிறம் எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் முடிகிறது என்பதில் அவ்வளவு அக்கறை காட்டாது. குழந்தைகள் வண்ணம் தீட்டும் புத்தகத்தில், அச்சடித்த கருங்கோடு ஒழுங்காக இருந்தால் கிரேயான் கோட்டைத் தாண்டி வழிந்திருந்தாலும் யானை யானையாகவே தெரியும். ஜேபெக்கும் அதைத்தான் நம்புகிறது. வெளிச்சத்தை ஒவ்வொரு புள்ளிக்கும் தனியாகக் குறித்துக்கொள்ளும். நிறத்தைப் பெரும்பாலும் நான்கு புள்ளிகளுக்குச் சேர்த்து ஒரே தடவைதான் குறிக்கும். எண்களில் சரிபாதி இங்கேயே கழிந்துவிடுகிறது.

அசல் வித்தை அடுத்ததில் இருக்கிறது. படத்தை எட்டுக்கு எட்டு என்று சின்னச் சின்னக் கட்டங்களாக நறுக்குவார்கள். நம் 1.2 கோடிப் புள்ளிப் படத்தில் இப்படி 1,87,500 கட்டங்கள். ஒரு கட்டத்தில் 64 புள்ளிகள். அந்த 64 புள்ளிகளின் அளவை எழுதிவைக்காமல், முன்பே தீர்மானித்த 64 அடிப்படை வடிவங்களில் எதெது எவ்வளவு கலந்தால் இந்தக் கட்டம் கிடைக்கும் என்று கணக்குப் போடுவார்கள். முதல் வடிவம் ஒரே சீரான சாம்பல். அடுத்தது இடமிருந்து வலமாக மெல்ல மங்குவது. போகப்போகக் கோடுகள் நெருங்கி, கடைசி வடிவம் சதுரங்கப் பலகைபோல நுணுக்கமாக இருக்கும். சுவர், வானம், கன்னம் போன்ற இடங்களுக்கு முதல் நாலைந்து வடிவங்களே போதும். நுணுக்கமான வடிவங்களின் பங்கு பெரும்பாலும் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். அதைப் பூஜ்யம் என்றே எழுதிவிட்டாலும் கண் கண்டுபிடிக்காது. ‘இனி வருவதெல்லாம் பூஜ்யம்’ என்று எழுத எவ்வளவு இடம் வேண்டும்? கலைகளை 64 என்று எண்ணிவைத்த நம் முன்னோருக்கு இந்தக் கணக்கு நிச்சயம் பிடித்திருக்கும்.

இந்தக் கணக்குக்குத் தனித்த கொசைன் உருமாற்றம் என்று பெயர். பள்ளிக்கூடத்தில் சைன், கொசைன் படித்தபோது ‘இது எதற்கு ஆகப்போகிறது’ என்று கேட்டவர்களுக்கு, கையில் இருக்கும் ஃபோனே பதில். கண்டுபிடித்தவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. அமெரிக்காவில் கேன்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தபோது, 1972-இல், இந்த யோசனைக்கு நிதி கேட்டு அந்நாட்டின் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தார். கிடைக்கவில்லை. யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறது என்பது மதிப்பீட்டாளர் ஒருவரின் கருத்து என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். அவர் விடவில்லை. தன் ஆய்வு மாணவர் டி. நடராஜன், பேராசிரியர் கே. ஆர். ராவ் இருவருடனும் சேர்ந்து 1974 ஜனவரியில் கட்டுரையாக வெளியிட்டார். இன்று நாம் அனுப்பும் படங்களும் பார்க்கும் வீடியோக்களும் பெரும்பாலும் அந்த ‘ரொம்ப எளிமையான’ கணக்கையோ அதன் வாரிசையோ தாண்டித்தான் வருகின்றன.

சரி, இவ்வளவு நல்ல முறையில் சித்தப்பாவின் முகம் ஏன் கட்டம் கட்டமாக வந்தது? அவர் தன் படங்களை ஆல்பத்தில் நேரடியாக ஏற்றவில்லை. அரட்டைச் செயலியில் மகனுக்கு அனுப்பினார், மகன் மனைவிக்கு, அவள் ஆல்பத்துக்கு. இத்தகைய செயலிகள் வேகத்துக்காக நீளப் பக்கத்தை 1,600 புள்ளி அளவுக்குக் குறைப்பது வழக்கம். அப்படிச் செய்தால் 1.2 கோடிப் புள்ளிகள் 19 லட்சமாகிவிடும், ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. அத்தோடு, படத்தைச் சுருக்கும்போது பழைய எட்டுக்கு எட்டுக் கட்டங்கள் புதிய கட்டங்களோடு பொருந்தாமல் நகர்ந்துவிடும். பழைய கட்டங்களின் ஓரத் தையல் இப்போது படத்தின் நடுவில் கிடக்கும். புதிய சுருக்கம் அந்தத் தையலையும் சித்தப்பாவின் முகத்தில் உள்ள சுருக்கம் என்று நினைத்துப் பத்திரமாகக் காப்பாற்றும். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்த கதை. மருந்து சுலபம்: படமாக அனுப்பாமல் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் கோப்பில் கைவைக்க மாட்டார்கள். அதைவிட நல்லது, எடுத்தவரே ஆல்பத்தில் ஏற்றிவிடுவது.

திறக்கவே மாட்டேன் என்ற படங்கள் ஓர் ஐஃபோனிலிருந்து வந்தவை. பார்க்க முயன்றது சம்பந்தி வீட்டுப் பழைய கணினி. 2017-லிருந்து ஆப்பிள் ஃபோன்கள் ஹெய்க் என்ற புதிய வகையில் படத்தைச் சேமிக்கின்றன. இது வீடியோவைச் சுருக்கும் கலையிலிருந்து எடுத்த வித்தை. பக்கத்துக் கட்டம் எப்படி இருக்கிறது என்று பார்த்து, அடுத்த கட்டம் இப்படித்தான் இருக்கும் என்று ஊகிக்கும். ஊகிக்க 33 திசைகள் உண்டு. பட்டுக்கரை சாய்வாகப் போனால் அந்தச் சாய்விலேயே நீட்டிப் பார்க்கும். ஊகம் எவ்வளவு தப்பியது என்பதை மட்டும் எழுதும். ஜேபெக்கில் ஆகும் இடத்தில் ஏறத்தாழ பாதி போதும். ஆனால் அதே ஊகத்தை எதிர்முனையில் இருப்பவரும் போடத் தெரிந்தால்தானே படம் விரியும்? பழைய கணினிக்கு அந்தக் கணக்கு தெரியாது. கற்றுக்கொடுக்கும் மென்பொருளைச் சேர்ப்பதில் காப்புரிமைக் கட்டணச் சிக்கல்களும் உண்டு.

சம்பந்தி வீட்டுப் பையன் கோப்பின் பெயரில் இருந்த வாலை மட்டும் மாற்றி ஜேபெக் என்று எழுதிப் பார்த்திருக்கிறான். மிளகாய்த்தூள் டப்பாவில் மஞ்சள்தூள் என்று சீட்டு ஒட்டினால் சாம்பார் மஞ்சளாகிவிடுமா? கணினி மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கும். ஒவ்வொரு ஜேபெக் கோப்பும் 255, 216 என்ற இரண்டு எண்களோடுதான் தொடங்கும். அந்த முதல் இரண்டு எண் இல்லையென்றால், வெளியே என்ன எழுதியிருந்தாலும் அது ஜேபெக் இல்லை. ஐஃபோனின் கேமரா அமைப்பில், படக் கோப்பு வகை என்ற இடத்தில், எல்லாக் கருவிகளுக்கும் பொருந்தும் வகையைத் தேர்ந்தெடுத்தால் அடுத்த கல்யாணத்துக்கு இந்தத் தொல்லை இராது. எடுத்து முடித்த படங்களை மாற்றித் தரப் பல செயலிகள் இருக்கின்றன.

படுத்துக் கிடந்த படங்களுக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடித்த புகார் இது.

ஃபோனை நீங்கள் நிமிர்த்திப் பிடித்தாலும் சாய்த்துப் பிடித்தாலும் உள்ளே இருக்கும் ஒளியுணரிக்குத் தெரியாது. அது எப்போதும் தன் முதல் வரிசையில் தொடங்கி, கடைசி வரிசை வரை ஒரே போக்கில் புள்ளிகளை எண்ணிக்கொண்டு போகும். எடுத்த பிறகு 1.2 கோடிப் புள்ளிகளையும் இடம் மாற்றித் திருப்புவது பழைய கேமராக்களின் சின்ன மூளைக்குப் பெரிய வேலை. அதனால் ஒரு தந்திரம் செய்தார்கள். படத்தைத் திருப்ப வேண்டாம், எப்படித் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று ஓரத்தில் ஒரே ஓர் எண்ணை எழுதிவைத்தால் போதும். 1 என்றால் உள்ளபடியே காட்டு. 6 என்றால் வலப்பக்கம் கால் சுற்றுத் திருப்பிக் காட்டு. இப்படி 1 முதல் 8 வரை. படத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் இந்தக் குறிப்புக்கு எக்ஸிஃப் என்று பெயர். 1995-இல் ஜப்பானியத் தொழிலமைப்பு ஒன்று வகுத்தது. நான் அதைப் படத்தின் ஜாதகம் என்று சொல்வேன். பிறந்த தேதி, நேரம், பிறந்த இடம், எந்தக் கேமரா, எவ்வளவு வெளிச்சம், எல்லாம் அதில் இருக்கும்.

ஜாதகத்தைப் படிக்கத் தெரிந்த செயலி படத்தை நிமிர்த்திக் காட்டும். படிக்காத செயலி கிடந்தபடியே காட்டும். ஒரே படம் ஒருவர் ஃபோனில் நிற்கிறது, இன்னொருவர் கணினியில் படுத்திருக்கிறது என்றால் விஷயம் இதுதான். ஏதாவது ஒரு திருத்துச் செயலியில் திறந்து, திருப்பி, புதிதாகச் சேமித்துவிட்டால் புள்ளிகளே இடம் மாறிவிடும்; பிறகு யாரும் எதையும் படிக்கத் தேவையில்லை.

ஆனால் எங்கள் ஆல்பத்தில் ஒரு விசித்திரம். எந்தக் கருவியில் பார்த்தாலும் கோணலாக இருந்த படங்கள் சில இருந்தன. அடுக்கிப் பார்த்தால், அத்தனையும் சாப்பாட்டு இலைகள்; கூடவே வாசல் கோலமும் ஆரத்தித் தட்டும். மணமக்கள் படம் ஒன்றுகூடக் கோணவில்லை. காரணம் தெரிந்தபோது சிரித்துவிட்டேன். ஃபோனுக்கு மேல், கீழ் தெரிவது புவியீர்ப்பினால். உள்ளே அரிசியில் பாதியளவுள்ள ஒரு சில்லு இருக்கிறது. அதற்குள், மயிரிழைபோன்ற சிலிக்கான் வில்களில், இம்மியளவு சிலிக்கான் திண்டு ஒன்று தொங்குகிறது. பூமி அதை எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் அது துளி நகரும். பக்கத்துத் தகட்டுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி மாறும். மின்சாரம் அந்த மாற்றத்தை அளந்து சொல்லும். இலையைப் படமெடுக்க ஃபோனைத் தரைக்கு இணையாக, குப்புறப் பிடிக்கிறோம். அப்போது ஈர்ப்பு திரையின் மேலோ கீழோ இடமோ வலமோ இழுக்காது, நேராகத் திரைக்குக் குத்தாக இழுக்கும். எது தலை, எது கால் என்று சில்லுக்குத் தெரியாது. ஏதோ ஒன்றை ஊகித்து ஜாதகத்தில் எழுதிவிடும். அடுத்த முறை இலையை எடுக்கும் முன், ஃபோனை ஒரு விநாடி நிமிர்த்திப் பிடித்துவிட்டு மெல்லச் சாய்த்துப் பாருங்கள். பெரும்பாலும் சரியாக வரும்.

ஜாதகத்தில் பிறந்த இடமும் இருக்கும் என்றேன். அட்சரேகை, தீர்க்கரேகை எண்களில் நான்காவது தசம இடம் பூமியில் சுமார் 11 மீட்டர். கிட்டத்தட்ட ஒரு வீட்டுமனையின் அகலம். கல்யாண மண்டபத்தின் இடம் தெரிவதில் தப்பில்லை. மறுவீட்டுப் படங்களோடு பெண்ணின் புது வீட்டு வாசலும் அவ்வளவு துல்லியமாக லிங்க் வைத்திருக்கும் எல்லோருக்கும் போகவேண்டுமா என்பது வேறு விஷயம். பகிரும்போது இடக் குறிப்பை நீக்கும் வசதி பெரும்பாலான ஆல்பங்களில் உண்டு. நான் நீக்கிவிட்டேன்.

இனி அத்தையின் கேள்வி. ஜாதகத்தில் பிறந்த நேரம் தப்பானால் என்னவெல்லாம் ஆகும் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அத்தை மகன் சிங்கப்பூரிலிருந்து நல்ல கேமரா ஒன்றோடு வந்திருந்தான். அவன் ஃபோன், விமானம் இறங்கியதும் செல்பேசிக் கோபுரத்தைக் கேட்டு நேரத்தை மாற்றிக்கொண்டது. கேமரா யாரைக் கேட்கும்? அது சிங்கப்பூர் நேரத்திலேயே இருந்தது. நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். காலை 7.10-க்குத் தாலி கட்டியதை அவன் கேமரா 9.40 என்று எழுதியது. என் ஃபோன் பந்தியை 8.30 என்று எழுதியது. ஆல்பம் இரண்டையும் நம்பி, தேதிவாரியாக அடுக்கியது. எக்ஸிஃபை வகுத்தவர்கள் நேரத்தை எழுத இடம் வைத்தார்களே தவிர, அது எந்த ஊர் நேரம் என்று எழுத நீண்டகாலம் இடம் வைக்கவில்லை. 2016-இல்தான் சேர்த்தார்கள். பழைய கேமராக்கள் இன்னும் ஊர் சொல்லாமல் மணி மட்டும் சொல்கின்றன.

ஊர் நேரத்தைச் சரியாக வைத்தாலும் கேமராவின் கடிகாரம் மெல்ல நகரும். உள்ளே ஒரு குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. ஏன் இந்த எண்? ஒன்றை 15 தடவை இரட்டித்தால் 32,768. ஆகவே 15 தடவை பாதியாக்கினால் துல்லியமாக விநாடிக்கு ஒரு துடிப்பு. பாதியாக்கும் மின்சுற்று செய்வதற்கு மிகச் சுலபம். கைக்கடிகாரத்திலும் இதே படிகம்தான். ஆனால் சாதாரணப் படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினால் நாளுக்கு ஒன்றேமுக்கால் விநாடி. வருடத்துக்குப் பத்து நிமிடம். வாங்கிய நாளில் நேரம் வைத்து ஐந்து வருடம் தொடாத கேமரா முகூர்த்தத்தையே தவறவிட்டுவிடும்.

சரிசெய்யச் சினிமாக்காரர்களிடம் ஒரு வழி கடன் வாங்கினேன். படப்பிடிப்பில் ஒலியும் ஒளியும் தனித்தனிக் கருவிகளில் பதிவாகும். இரண்டையும் பொருத்தத்தான் கிளாப் அடிக்கிறார்கள். பலகை மூடும் காட்சியும் ‘டப்’ என்ற சத்தமும் ஒரே கணம். எங்களுக்குக் கெட்டிமேளம்தான் கிளாப். தாலி முடியும் அந்த ஒரு கணத்தை ஒன்பது ஃபோனும் ஒரு கேமராவும் எடுத்திருந்தன. அந்தப் படங்களின் நேரங்களை ஒப்பிட்டால் எந்தக் கருவி எவ்வளவு முந்துகிறது, பிந்துகிறது என்று தெரிந்துவிடும். கேமராப் படங்கள் அனைத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, 2 மணி 30 நிமிடம் பின்னால் தள்ளினேன். தாலி முன்னால் போய், பந்தி பின்னால் வந்தது. செயலிகள் வழியாகச் சுற்றி வந்தவை மட்டும் கடைசியில் தொங்கின. சுற்றில் வரும்போது ஜாதகமே தொலைந்துபோனதால், வந்து சேர்ந்த தேதியையே பிறந்த தேதியாகக் கொண்டவை அவை. கையால்தான் நகர்த்த வேண்டியிருந்தது.

அதே சுற்றுவழிதான் இன்னொரு தொல்லைக்கும் காரணம்: ஒரே படம் இரண்டு மூன்று தடவை வந்தது. படத்தை வாங்கிக்கொள்ளும் கணினி, அதாவது சர்வர், ஒவ்வொரு கோப்பையும் ஒரு கணக்கில் போட்டுப் பிழிந்து கைரேகை போன்ற ஓர் எண்ணை எடுக்க முடியும். இரண்டு கைரேகை ஒன்றாக இருந்தால் ஒரே கோப்பு, ஒன்றை விட்டுவிடலாம். இந்தக் கைரேகையின் குணம், ஒரே ஒரு புள்ளி மாறினாலும் ரேகையில் ஏறத்தாழப் பாதி மாறிவிடும். ஆகவே மறுபடி சுருக்கப்பட்டு வந்த படம், நம் கண்ணுக்கு அச்சு அசலாக இருந்தாலும், அதற்கு அந்நியன். இதற்கு மாற்றாக ஒரு குறும்பான வழி உண்டு. படத்தை 9-க்கு 8 என்று வெறும் 72 கறுப்புவெள்ளைப் புள்ளிகளாகச் சுருக்கிவிடுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் ‘இடது புள்ளி வலது புள்ளியைவிட வெளிச்சமா?’ என்று கேளுங்கள். வரிசைக்கு எட்டுக் கேள்வி, எட்டு வரிசை, மறுபடியும் 64 ஆம்-இல்லைகள். இரண்டு படங்களின் பதில்கள் ஐந்தாறு இடத்தில் மட்டும் வேறுபட்டால் அவை அநேகமாக ஒரே படம்தான். இரட்டைப் படங்களைக் களையும் செயலி ஒன்று இம்மாதிரி வேலையை அரை நிமிடத்தில் செய்து 130 படங்களைப் பிடித்தது.

“ஏத்தப் போட்டது நேத்து ராத்திரிலேர்ந்து சுத்திக்கிட்டே இருக்கு மாமா” என்றான் மாப்பிள்ளையின் தம்பி. கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 1,140 படங்கள், ஒன்று மூன்றரை மெகாபைட் என்றால் மொத்தம் 4 ஜிகாபைட். விநாடிக்கு 4 மெகாபிட் ஏற்றும் இணைப்பில் இரண்டே கால் மணி நேரம். அதே ஃபோனில் படம் பார்ப்பது மட்டும் எப்படிச் சட்டென்று நடக்கிறது? செல்பேசிக் கோபுரத்தின் அலைபரப்புக் கருவி பல பத்து வாட் சக்தியில் கத்துகிறது. ஃபோன் பதில் சொல்வது பொதுவாக அதிகபட்சம் ஐந்தில் ஒரு வாட்டில். கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரக்காரருக்கு அவர் காதில் ரகசியம் சொல்லிப் பதில் தருவதுபோல. மக்கள் ஏற்றுவதைவிட இறக்குவதே அதிகம் என்பதால் வலையமைப்பும் தன் நேரத்தில் பெரும்பங்கை இறக்குவதற்கே ஒதுக்கிவைக்கிறது.

அந்த ரகசியப் பேச்சில் ஒரு படம் எப்படிச் சிதறாமல் போகிறது என்பது இன்னொரு அதிசயம். மூன்றரை மெகாபைட் படம் சுமார் 2,400 பொட்டலங்களாக உடையும். ஒவ்வொன்றிலும் வரிசை எண். பதிவுத்தபாலில் ஒப்புகை அட்டை திரும்பி வருமே, அதுபோல இவ்வளவு வந்து சேர்ந்தது என்று எதிர்முனை சொல்லிக்கொண்டே இருக்கும். 1,316-ஆம் பொட்டலத்துக்கு அட்டை வரவில்லையா, அது மட்டும் மறுபடி போகும். இந்த ஏற்பாட்டை வின்ட் செர்ஃபும் ராபர்ட் கானும் எழுதி வெளியிட்டது 1974 மே மாதம். அகமதுவின் கொசைன் கணக்கு வந்து நான்கே மாதம் கழித்து. படத்தைச் சுருக்குவதும் சுருக்கியதைச் சேர்ப்பதும் ஒரே வருடத்துப் பிள்ளைகள்.

மாப்பிள்ளையின் தம்பி ஃபோனில் கோளாறு ஒன்றுமில்லை. திரை அணைந்ததும் மின்கலத்தைச் சேமிக்க ஃபோன் பின்னணி வேலைகளைத் தூங்கவைத்துவிட்டது. சார்ஜரில் போட்டு, வைஃபையில் இணைத்து, செயலியைத் திறந்தே வைக்கச் சொன்னேன். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, காலைக்குள் முடிந்தது. சிலருக்கு இடம் நிரம்பிப்போயும் நிற்கும். கூகுளில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி, மின்னஞ்சலுக்கும் கோப்புக்கும் படத்துக்கும் சேர்த்துத்தான்.

அத்தைக்கு ஒரு படம் போய்ச் சேரும் வழியை நினைத்தால் மலைப்பு. சென்னைக் கரையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் கேபிள்கள் போகின்றன. அவற்றில் ஒன்றான ஐ2ஐ சுமார் 3,200 கிலோமீட்டர் நீளம். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். வங்கக் கடலைக் கடக்க 16 மில்லிவிநாடி. கண்ணை ஒருமுறை இமைப்பதற்குள் ஆறு தடவை கடந்துவிடலாம். அத்தையே அடிக்கடி பார்க்கும் படம் என்றால் அந்தப் பயணம்கூடத் தேவைப்படாது, அவருக்குப் பக்கத்திலேயே ஒரு நகலை வைத்துக்கொள்வார்கள். நீங்கள் நீக்கிய படம் சற்று நேரம் வேறொருவருக்குத் தெரிந்துகொண்டிருந்தால் பதறவேண்டாம். பழைய நகல் இன்னும் கலையவில்லை, அவ்வளவுதான்.

லிங்க் வேலை செய்யவில்லை என்று மூன்று பேர் சொன்னார்கள். ஆல்பத்தின் முகவரியில் வரும் அந்த அர்த்தமில்லாத எழுத்துக் குவியல்தான் அதன் பூட்டும் சாவியும். பெரிய எழுத்து 26, சின்ன எழுத்து 26, எண் 10 என 62 குறிகளில் 17-ஐ வரிசையாக அடுக்கினால் எத்தனை விதம் வரும்? விநாடிக்குப் பத்து லட்சம் முறை ஊகித்துப் பார்த்தாலும் எல்லாவற்றையும் முடிக்க, பிரபஞ்சத்தின் இன்றைய வயதைப்போல 60 லட்சம் மடங்குக்கு மேல் காலம் வேண்டும். பூட்டு அவ்வளவு உறுதி. ஆனால் ஒரு குறி மாறினாலும் திறக்காது. ஒருவர் லிங்கைத் தட்டச்சு செய்தபோது சுழியையும் ஆங்கில ‘ஓ’வையும் குழப்பிக்கொண்டார். இன்னொருவருக்கு நான் அனுப்பிய வாக்கியத்தின் முற்றுப்புள்ளி லிங்கின் வாலில் ஒட்டிக்கொண்டது. தமிழாசிரியர் பிள்ளை என்பதால் வந்த வினை. பிட்காயின் முகவரிகளை வடிவமைத்தவர், சுழியும் ‘ஓ’வும் போலக் குழப்பும் நான்கு குறிகளை முன்யோசனையாகவே ஒதுக்கிவிட்டு 58-ஐ மட்டும் வைத்துக்கொண்டார். மூன்றாமவருக்குக் குறை லிங்கில் இல்லை. அழைக்கப்பட்டவர் மட்டும் பார்க்கலாம் என்றுதான் ஆல்பம் முதலில் இருந்தது. அவர் வேறொரு மின்னஞ்சல் கணக்கில் உள்ளே நுழைந்திருந்தார்.

அரக்குப் புடவை ஒன்று சில திரைகளில் செங்கல் நிறத்தில் வந்ததைப் பற்றியும் ஒரு வரி. புதிய ஃபோன்கள் பழைய திரைகள் காட்டக்கூடியதைவிட ஆழமான சிவப்பைப் பதிவுசெய்கின்றன. எந்த நிறத்தட்டை வைத்து எண்களை எழுதினோம் என்ற குறிப்பும் படத்தோடு போகவேண்டும். அது வழியில் உதிர்ந்துவிட்டால், பெரிய படியால் அளந்ததைச் சின்னப் படிக் கணக்கில் வாசித்ததுபோல நிறம் குறைந்துபோகும்.

நான்காம் நாள் எல்லாம் அடங்கியது என்று நினைத்தேன். பெரியம்மாவிடமிருந்து ஒரு படம் வந்தது. அவருக்கு இந்த லிங்க், கணக்கு எதுவும் ஒத்துவரவில்லை. பேத்தி கணினியில் ஆல்பத்தைத் திறந்து காட்ட, அதிலிருந்த மணப்பெண்ணைத் தன் ஃபோனால் படமெடுத்துக்கொண்டார். பெண்ணின் மேல் முழுக்க அலை அலையாக, வானவில் கோடுகள்.

கொசுவலையை இரண்டாக மடித்து வெளிச்சத்தில் பிடித்தால் வலையில் இல்லாத பெரிய வளைவுகள் தோன்றுமே, அதுதான் இது. கணினித் திரையில் ஒரு புள்ளி வலை, கேமராவின் ஒளியுணரியில் இன்னொரு புள்ளி வலை. ஒன்றில் 100 கோடு வரும் இடத்தில் மற்றதில் 101 வந்தால், அவை ஒன்றையொன்று ஒட்டியும் விலகியும் அந்த அகலத்துக்கு ஓர் அலையை உண்டாக்கும். தம்பூரா சுருதி சேர்க்கும்போது இரண்டு தந்திகள் கொஞ்சமாக விலகி நின்றால் ‘வோங் வோங்’ என்று நாதம் ஏறி இறங்குவது காதுக்கு எப்படியோ, கண்ணுக்கு இது அப்படி. ஃபோனைச் சற்றுத் தள்ளியோ சாய்த்தோ பிடித்தால் மறைந்துவிடும். இதன் பெயர் மோரே. பிரெஞ்சு மொழியில் அது முதலில் ஒரு துணியின் பெயர்: தண்ணீரில் அலையடிப்பதுபோல் மினுங்கும் ஒருவகைப் பட்டு.

அசல் படத்தை அனுப்பித் தருகிறேன் பெரியம்மா, இதில் கோடு கோடாக விழுந்திருக்கிறது என்றேன்.

“எதுக்குடா? இதுல தான் பொண்ணு பளபளன்னு இருக்கா” என்றார். ஃபோன் முகப்பில் அதைத்தான் வைத்திருக்கிறார்.